ஆக்டேவியாவுக்கு வீட்டிலேயே செய்த கே-லைன் இன்டர்ஃபேஸ்

பழைய ஸ்கோடா ஆக்டேவியா 1.9 டிடிஐ. பிக்கப் இல்லை என்று ஒர்க்‌ஷாப்புக்குப் போனால், ஸ்கேனரை மாட்டி, கோளாறு கோடை (ஃபால்ட் கோட்) அழித்து, காசு வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். என்ன கோடு என்று கேட்டால் பதில் வராது. அந்த எரிச்சலில்தான், என்ஜினை நடத்தும் கணினியான இசியூவோடு நம் கம்ப்யூட்டரைப் பேச வைக்கும் இன்டர்ஃபேஸை நாமே செய்துவிடலாம் என்று இறங்கினேன். அது பேசும் ஒற்றை ஒயர்தான் கே-லைன்.

சர்க்யூட் சின்னதுதான். கே-லைனுக்கென்றே உள்ள எல்9637டி சிப், எஃப்டிடிஐ சிப் உள்ள யுஎஸ்பி-சீரியல் போர்டு, கே-லைனுக்கும் 12 வோல்ட்டுக்கும் நடுவே 510 ஓம் ரெசிஸ்டர். ஸ்கேனர் மாட்டும் ஓபிடி சாக்கெட்டில் 16ஆவது பின் பேட்டரி, 4-உம் 5-உம் கிரவுண்ட், 7 கே-லைன். ரெசிஸ்டரை அரை வாட்டில் வாங்குங்கள், கால் வாட் சூடு தாங்காது. பேட்டரி ஒயரில் ஃபியூஸ் கட்டாயம்.

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் சிப்பைக் கேட்டேன். "அது வராது சார், எல்லாரும் இதான் போடறாங்க" என்று பிசி817 ஆப்டோகப்ளரைத் தள்ளிவிட்டார்கள். கே-லைன் ஓடும் 10,400 பாடில் (நொடிக்கு அத்தனை பிட்) ஒரு பிட்டுக்கு 96 மைக்ரோ செகண்ட்தான். இந்த ஆப்டோகப்ளரோ ஆஃப் ஆவதற்கே சோம்பல் முறிக்கும். திரை முழுக்கக் குப்பை. கடைசியில் எல்9637டியை ஆன்லைனில்தான் வாங்கினேன்.

அடுத்த தலைவலி இசியூவை எழுப்புவது. என்ஜினின் முகவரி 01-ஐ 5 பாடில், அதாவது ஒரு பிட்டுக்கு 200 மில்லி செகண்ட் வீதம் அனுப்ப வேண்டும். எஃப்டிடிஐ சிப் அவ்வளவு மெதுவாகப் போகாது. சீரியல் போர்ட்டின் 'பிரேக்' சிக்னலை (லைனைக் கீழே பிடித்து வைப்பது) ஆன், ஆஃப் செய்துதான் சமாளிக்க வேண்டும். அப்புறம் கம்ப்யூட்டரில் எஃப்டிடிஐ டிரைவரில், வந்த டேட்டாவைக் காக்க வைக்கும் லேட்டன்ஸி டைமர் 16 மில்லி செகண்டில் இருக்கும், அதை 1 ஆக்குங்கள். இந்தக் கார் பேசும் கேடபிள்யூபி 1281 நெறிமுறையில், ஒரு தொகுப்பின் கடைசி பைட்டைத் தவிர ஒவ்வொரு பைட்டுக்கும் அதன் தலைகீழ் பைட்டை (0-வை 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும் மாற்றி) திருப்பி அனுப்ப வேண்டும். தாமதித்தால் இசியூ கோபித்துக்கொண்டு போய்விடும். ஒற்றை ஒயர் என்பதால் நாம் அனுப்புவதும் நமக்கே எதிரொலிக்கும், அதைப் படித்துத் தூக்கிப்போட வேண்டும்.

இவ்வளவு செய்தும் கார் வாயே திறக்கவில்லை. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால், சும்மா இருக்கும்போது 12 வோல்ட்டை ஒட்டி நிற்க வேண்டிய 7ஆவது பின், பாதிகூட ஏறவில்லை. இன்டர்ஃபேஸை மேசையில் வைத்து 12 வோல்ட் கொடுத்தால் எல்லாம் சரி. அப்படியென்றால் காருக்குள் ஏதோ ஒன்று லைனைக் கீழே இழுக்கிறது.

பார்த்தால், முந்தைய ஓனர் மாட்டிய வெளி ஸ்டீரியோ! இந்தக் கார்களில் ரேடியோ கனெக்டருக்கும் கே-லைன் போகிறது. கம்பெனி ரேடியோவுக்கு அது வேண்டும். வெளி ஸ்டீரியோவில் அதே பின்னுக்கு வேறு வேலை. ஸ்டீரியோ மாட்டியவர் கப்ளரை அப்படியே சொருகிவிட்டுப் போயிருக்கிறார். கழற்றினேன், வோல்ட்டேஜ் ஏறியது. அந்த ஒரு பின்னை மட்டும் வெளியே எடுத்து டேப் சுற்றி, ஸ்டீரியோவைத் திரும்ப மாட்டினேன். பாட்டும் வருகிறது.

இக்னிஷனைப் போட்டதும் இசியூவின் முதல் பதில்: 55, 01, 8ஏ. அடுத்து 038906 என்று தொடங்கும் இசியூவின் பார்ட் நம்பர். தெருவே கேட்கக் கத்தினேன். இசியூ தரும் அளவீடுகளில் மூன்றாவது குரூப்பைத் திறந்தால், இசியூ கேட்கும் காற்றின் அளவு ஒன்று, வண்டியை ஓட்டும்போது சென்சார் சொல்வது அதைவிட மிகக் குறைவு. இப்போது ஏர் மாஸ் சென்சாருக்கு விலை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.