வைசாக் பீச்ல நிக்கிற அரக்கோணத்து ஆல்பட்ராஸ்

வைசாக் பீச் ரோட்டுல கடல் பக்கம் ஐஎன்எஸ் குர்சுரா சப்மரீன் நிக்குது, அதுக்கு எதிர்ப்பக்கம் நேவியோட பழைய கடல் ரோந்து விமானம் டியூ-142. ஒண்ணு தண்ணிக்குள்ள ஒளிஞ்சு திரியுற ஜாதி, இன்னொண்ணு அதை வானத்துல இருந்து தேடிப் பிடிக்கிற ஜாதி, ரெண்டுமே சோவியத் தயாரிப்பு, இப்ப ரெண்டும் ரிட்டையர் ஆகி எதிரும் புதிருமா உக்காந்திருக்கு. கூட்டம் பூரா குர்சுராவுக்குத்தான் போகுது, நான் நண்பனை இழுத்துக்கிட்டு முதல்ல விமானத்துக்குப் போயிட்டேன். ஏன்னா இது நம்ம ஆளு, சர்வீஸ்ல பெரும்பகுதி அரக்கோணத்துல இருக்கிற நேவி விமானதளம் ஐஎன்எஸ் ராஜாளியிலதான் இருந்துச்சு. அங்க இருந்தப்ப பேஸ் காம்பவுண்டு பக்கம் கூட நம்மள விட மாட்டாங்க, இங்க உள்ளயே ஏறிப் பார்க்கலாம்.

விமானத்துக்கு முன்னாடி ஒரு ஹால், அதுல அவசரப்படாதீங்க. நான் ரொம்ப நேரம் நின்னது சோனோபாய் கிட்டதான். பார்க்க சாதாரண நீளக் குழாய் மாதிரி இருக்கும், ஆனா சப்மரீன் வேட்டைக்கு இதுதான் காது. விமானத்துல இருந்து பாராசூட்ல இறங்கி தண்ணியில விழும், விழுந்ததும் மேல் பாகம் ஆன்டெனாவோட மிதக்கும், கேபிள்ல கட்டின மைக் மட்டும் ஆழத்துக்கு இறங்கி கடலுக்குள்ள வர்ற சத்தத்தைக் கேட்டு ரேடியோல மேல அனுப்பும். இப்படி நாலஞ்சு இடத்துல போட்டு எதுல எவ்ளோ கேக்குதுன்னு ஒப்பிட்டுத்தான் சப்மரீன் எங்க இருக்குன்னு பிடிப்பாங்க. வேலை முடிஞ்சா தானே மூழ்கிடும், திரும்ப எடுக்கிற பேச்சே கிடையாது.

அப்புறம் அந்த ப்ரொப்பெல்லர். ஒரு இன்ஜினுக்கு ஒண்ணு இல்லீங்க, ஒண்ணு பின்னாடி ஒண்ணா ரெண்டு, ஒண்ணு இந்தப் பக்கம் சுத்தினா இன்னொண்ணு அந்தப் பக்கம் சுத்தும், ஒவ்வொண்ணுலயும் 4 பிளேடு. 4 இன்ஜினுக்கும் சேர்த்து 32 பிளேடு ஆச்சா, ஒவ்வொரு இன்ஜினும் கிட்டத்தட்ட 15,000 குதிரைசக்தி. பிளேடு நுனி ஒலியோட வேகத்தையே தாண்டிடும்கிறதால உலகத்துலயே அதிக சத்தம் போடுற விமானங்கள்ல இந்தக் குடும்பமும் ஒண்ணு. ப்ரொப்பெல்லரைச் சுத்த வைக்கிற டர்போப்ராப் இன்ஜின்தான்னாலும் உச்ச வேகம் மணிக்கு 900 கிலோமீட்டருக்கு மேல.

உள்ள ஏறினா வெளியில பார்த்த பிரம்மாண்டம் காணாமப் போயிடுது. சுமார் 53 மீட்டர் நீளம், 50 மீட்டர் இறக்கை, ஆனா மனுஷனுக்குன்னு விட்ட இடம் கொஞ்சூண்டு, பாக்கி எல்லாம் கருவி, பெட்டி, வயர். வால் கடைசியில ரெட்டைக் குழல் 23 மில்லிமீட்டர் பீரங்கி வேற. "மச்சான், இதுக்குள்ள பத்து மணி நேரமெல்லாம் எப்படிடா உக்காந்திருப்பாங்க"ன்னு நண்பன் கேட்டான், நியாயமான கேள்விதான்.

இதை ஓட்டின நேவி விமானப் படைப்பிரிவு பேரு ஐஎன்ஏஎஸ் 312, செல்லப் பேரு ஆல்பட்ராஸ், அது ஒரு கடல் பறவை. 1976-ல கோவாவுல, விமானப்படைகிட்ட இருந்து வாங்கின சூப்பர் கான்ஸ்டலேஷன்களோட ஆரம்பிச்ச ஸ்குவாட்ரன். ஒரு காலத்துல ஏர் இந்தியாவுல பயணிகளை ஏத்திக்கிட்டுப் போன விமானங்கள் அதெல்லாம், கடைசி காலத்துல கடல்ல கப்பல் தேடப் போச்சு. 1988-ல 8 டியூ-142 வந்துச்சு, அதே வருஷம் நவம்பர்ல மாலத்தீவுல ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்தப்ப அதைத் தடுக்க இந்தியா நடத்தின ஆபரேஷன் காக்டஸ்லயே இதுக்கு வேலை வந்துடுச்சு. 1992-ல ராஜாளி பேஸ் திறந்து அரக்கோணம் வந்தாங்க. 2017 மார்ச் 29 அன்னைக்கு விடை கொடுத்தாங்க, 29 வருஷம், சுமார் 30,000 மணி நேரம், ஒரு விபத்து இல்ல. எனக்கு மத்த எல்லா நம்பரையும் விட இதுதான் பெருசு. அப்புறம் ஒண்ணை வைசாக்குக்குப் பறந்து கொண்டு வந்து, பிரிச்சு, பீச் ரோட்டுல திரும்ப மாட்டி, டிசம்பர்ல மியூசியமா திறந்துட்டாங்க.

சின்னம் விஷயத்துல நம்ம நேவிக்கு ஒரு ரசனை இருக்கு. ஃபைட்டர் ஓட்டுற பிரிவுக்கு வெள்ளைப்புலி, கருஞ்சிறுத்தைன்னு பாயுற மிருகமா வைப்பாங்க, கடல் ரோந்து பிரிவுன்னா பெரும்பாலும் பறவைதான். 2019-ல மீனம்பாக்கத்துல டார்னியர் விமானங்களோட ஆரம்பிச்ச ஐஎன்ஏஎஸ் 313-க்கு கடல் கழுகு, நீலமும் வெள்ளையுமா அலை, அதுக்கு மேல தேடிக்கிட்டே பறக்குது. இங்க தமிழ்நாட்டுல பேஸ் பேரே ராஜாளி, உச்சிப்புளி பக்கம் பருந்துன்னு இருக்கிறது தனி சந்தோஷம். ஆனா எல்லாத்துலயும் பொருத்தமான பேரு ஆல்பட்ராஸ்தான்னு சொல்லுவேன். அந்தப் பறவை இறக்கையை அடிக்காமலே காத்துல மிதந்து மாசக்கணக்குல கரைப்பக்கமே வராம சுத்தும், இந்தப் பிரிவோட வேலையும் சண்டை போடுறதை விட பொறுமையா தேடுறதுதானே, பத்து மணி நேரம் தேடிட்டு ஒண்ணுமே கிடைக்காம திரும்பி வர்ற நாளும் டியூட்டிதான்.

இப்ப அரக்கோணத்துல அந்த வேலை போயிங் பி-8ஐ கையில, முதல் விமானம் 2013 மே மாசம் வந்து இறங்குச்சு. 737 பயணிகள் விமானத்துல இருந்து உருவானது, அதனால தூரத்துல இருந்து பார்த்தா ஏதோ டொமஸ்டிக் ஃப்ளைட்டுன்னுதான் நினைப்பீங்க. மாயமான மலேசிய விமானம் எம்எச்370-ஐ 2014-ல தேடப் போனதுலயும் இது உண்டு. சேர் வசதி, ஏசி எல்லாம் டியூ-142-ஐ விட எவ்வளவோ தேவலைன்னு நண்பன் போட்டோவைப் பார்த்தே தீர்ப்பு சொல்லிட்டு, ரோட்டைத் தாண்டி குர்சுரா க்யூவுல போய் நின்னுட்டான்.