நாலாம் பெட், மணிக்கு 4.5 மில்லி

ஜூலை 9, இரவு
நாலாம் பெட் நோயாளி ஷாக்கில்: ரத்த அழுத்தம் விழுந்து கிடக்கிறது. மேப் (சராசரி ரத்த அழுத்தம்) 58. துடிப்பு 128. அழுத்தம் ஏற்றும் நார்அட்ரினலின் கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.3 மைக்ரோகிராம் வரை வந்தாச்சு. அதையே ஏற்றிக்கொண்டு போனால் துடிப்புதான் எகிறும். ரத்தக்குழாயை இறுக்கும் இன்னொரு மருந்து, வாசோப்ரெசின் தொடக்கம்: 20 யூனிட்டை சலைன் சேர்த்து 50 மில்லியாக்கி, மணிக்கு 4.5 மில்லி. நிமிடக் கணக்கில் 0.03 யூனிட். ஏற்றி இறக்குவதெல்லாம் நார்அட்ரினலினில். வாசோப்ரெசினை அப்படியே ஓடவிட வேண்டும். சென்ட்ரல் லைனில் (இதயத்துக்கு அருகிலுள்ள பெரிய நரம்புக் குழாயில்) மட்டும். கை நரம்பில் போட்டுக் கசிந்தால் அந்த இடத்துச் சதை கருகிவிடும்.

குழாய் இறுகினால் ரத்தம் குறையும், விரல் நுனி பார்க்கணும்.

ஜூலை 10
மேப் 66, துடிப்பு 104, நார்அட்ரினலின் 0.18.

இத்தனை சிறிய அளவு வாசோப்ரெசின் எப்படி வேலை செய்கிறது? மூளையின் ஹைபோதலாமஸ் தயாரித்து, அதன் கீழுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதி சேர்த்து வைக்கிற சரக்கு இது. ஷாக் தொடங்கியதும் மொத்தமாகக் கொட்டிவிடும்; நேரம் போகப் போகக் கிடங்கு காலி. நாம் ஊற்றுவது அந்தக் குறையை. ரத்தக்குழாயில் இதற்குத் தனி ஏற்பி, அதாவது இது வந்து ஒட்டும் இடம். அட்ரினலின் ஏற்பி அசந்துபோனாலும் இது இறுக்கும். இதயத்தை முடுக்காது. அழுத்தம் ஏறினால் துடிப்பைக் குறைக்கும் மூளைத்தண்டின் கடிவாளத்துக்கும் கொஞ்சம் வலு கொடுக்கும்.

மாலை
மேப் 78! நம்பவில்லை. கட்டிலை உயர்த்தியிருக்கிறார்கள், அழுத்தத்தை அளக்கும் டிரான்ஸ்டூசர் கீழேயே நிற்கிறது. 10 செ.மீ. தாழ்ந்தால் 7.5 மி.மீ. பொய்யாக ஏறும். நாலாவது விலா இடைவெளி, அக்குள் நடுக்கோட்டு மட்டத்துக்குக் கொண்டுவந்து ஜீரோ செய்ததும் 67.

ஜூலை 11
விரல் நுனி வெளுப்பு. நீலம் இல்லை. வயிறு உப்பவில்லை.

ஜூலை 12
ரத்தத்தில் சோடியம் 133, கொஞ்சம் குறைவு. சிறுநீரகத்தில் தண்ணீரைப் பிடித்து வைப்பதும் இதே ஹார்மோன்தானே.

பிரசவ வார்டிலிருந்து கூப்பிட்டார்கள்: கருப்பையைச் சுருக்கும் ஆக்ஸிடோசின் போட்டதும் பிரஷர் விழுந்து, துடிப்பு 130. வேகமாகத் தள்ளியிருப்பார்கள். வாசோப்ரெசினும் அதுவும் ஒன்பது அமினோ அமிலச் சங்கிலிகள், வித்தியாசம் இரண்டே இடத்தில். ஒன்று குழாயை இறுக்குகிறது, மற்றது வேகமாக உள்ளே போனால் தளர்த்திவிடுகிறது. மெதுவாகப் போடச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு.

ஜூலை 13
நார்அட்ரினலின் 0.05. வாசோப்ரெசின் 0.02, பிறகு 0.01. சட்டென்று பிடுங்கினால் பிரஷர் சரியும்.

விரல் நுனி சிவப்பு திரும்பிவிட்டது.

ஜூலை 14
காலை 6 மணிக்கு வாசோப்ரெசின் நிறுத்தம். மேப் 70.
8 மணி: ஒரு மணி நேரச் சிறுநீர் 450 மில்லி, தண்ணீர் மாதிரி. சோடியத்துக்கு ரத்தம் அனுப்பியாச்சு.