பத்மநாபபுரத்தில் தொண்ணூறு பூக்கள்

நாகர்கோவில் வடசேரியில் பஸ் ஏறித் தக்கலையில் இறங்கினால், பத்மநாபபுரம் அரண்மனை நடக்கிற தூரம்தான். அரண்மனை இருப்பது குமரி மாவட்டத்தில், பொறுப்பு கேரள அரசிடம். அந்தப் பழங்கதை இப்போது வேண்டாம்.

நான் போனது பென்சிலோடு. ஆங்கிலேயக் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் 1849 குளிர்காலத்தில் வெனிஸில் தங்கி, வளைவுகளையும் தூண் தலைப்புகளையும் வரைந்து, அளந்து, நோட்டுகளை நிரப்பினார். அவர் படங்கள் பலவும் பாதியில் நிற்கும். ஒரு மூலையை நுணுக்கமாகத் தீட்டியிருப்பார், மீதி வெறும் கோடு. அந்தச் சுருக்கு வழியைத்தான் நானும் நம்பிப் போனேன்.

அரண்மனையின் முகப்பு மண்டபமான பூமுகத்தில் அது பலிக்கவில்லை. மரக்கூரையில் 90 பூக்கள், ஒன்றுபோல் இன்னொன்று இல்லை என்பார்கள். வழிகாட்டி சொல்லும்போது தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவோம். வரைய உட்கார்ந்தால்தான் தெரிகிறது: ஒரு பூவில் இதழ் நுனி உள்ளே மடங்குகிறது, பக்கத்துப் பூவில் விரிந்து கிடக்கிறது. ஒன்றைத் தீட்டிவிட்டு "மற்றதும் இப்படியே" என்று கோடு போட முடியாது. இடைக்கால ஐரோப்பாவின் கோதிக் பாணிக் கட்டடங்களில் ரஸ்கின் கொண்டாடியதும் இதே வேறுபாட்டைத்தான். இயந்திரம்போல் ஒரே அச்சில் வார்க்காத தச்சனின் கை!

ஹெச்.பி. பென்சிலில் கோடு, அதைவிட மென்மையான 2பி-யில் நிழல். இந்த வசதியே கோன்டே என்ற பிரெஞ்சுக்காரரின் உபயம். போரால் இங்கிலாந்துக் கிராஃபைட் வராமல்போக, கிராஃபைட் தூளைக் களிமண்ணோடு பிசைந்து சூளையில் சுட்டார். களிமண் கூடினால் பென்சில் கடினம், குறைந்தால் மென்மை. அவர் காப்புரிமை பெற்ற 1795-இல்தான் திருவிதாங்கூர் தலைநகரம் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் போனது. சும்மா ஒரு பொருத்தம்தான், ஆனால் எனக்குப் பிடித்திருக்கிறது.

அண்ணாந்து அண்ணாந்து கழுத்து கடுத்தது. காவலர் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"போட்டோ புடிச்சா ஒரு நிமிசத்துல தீந்திரும்லா, மக்களே?"

"புடிச்சாச்சு அண்ணாச்சி. ஆனா எந்தப் பூவுக்கு எத்தன இதழ்னு கேட்டா முழிப்பேன்."

அவர் சிரித்துவிட்டு, "அந்த மூலைல உள்ளத பாத்தியா? அதான் எனக்குப் பிடிச்சது" என்றார். அடுத்து அதைத்தான் வரைந்தேன்.

அரண்மனையின் பழைய பகுதியான தாய்க்கொட்டாரத்துப் பலாமரத் தூணுக்குத் தனியாக நேரம் வையுங்கள். மேலிருந்து கீழ்வரை செதுக்கல். திங்கட்கிழமை விடுமுறை, மதியமும் கொஞ்ச நேரம் சாத்திவிடுவார்கள். கூட்டம் சேருமுன் காலையிலேயே பூமுகத்தில் இடம் பிடித்துவிடுவது நல்லது.