கூரையில் ஒரு சின்னக் கதவு

கார் செய்து பழகிய கைக்குக் குதிரை வண்டி என்ன பெரிய விஷயம் என்றுதான் முதலில் நினைத்தேன். வீடியோ கேம்களுக்கு வாகனங்களை முப்பரிமாணத்தில் செய்து கொடுப்பது என் வேலை. சென்னையில் உட்கார்ந்துகொண்டு எங்கெங்கோ இருக்கும் கேம் நிறுவனங்களுக்கு லாரி, ஜீப், ஒருமுறை டிராக்டர்கூட செய்து அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கு வந்த டிக்கெட்டில், அதாவது வேலைச் சீட்டில், 'ஹேன்சம் கேப், லண்டன், 1860கள், 12 நாள்' என்று இருந்தது. ஹேன்சம் கேப் என்பது அந்தக் காலத்து லண்டனில் ஓடிய இரண்டு சக்கர வாடகைக் குதிரை வண்டி. கேமின் பெயரைச் சொல்லக் கூடாதென்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். விக்டோரியா காலத்து லண்டனில் ஓடி, ஏறி, குதிக்கிற ஒரு சாகச கேம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வகைக்கு எல்லோரும் பார்க்கிற முன்மாதிரி ஒன்று இருக்கிறது. யூபிசாஃப்ட் 2015இல் வெளியிட்ட 'அசாசின்ஸ் க்ரீட் சிண்டிகேட்'. கதை நடப்பது 1868ஆம் வருட லண்டனில். ஜேக்கப், ஈவி என்ற இரட்டையர் தெருவில் போகும் வண்டிகளில் தாவி ஏறி, ஓட்டுபவரை இறக்கிவிட்டுத் தாங்களே ஓட்டிக்கொண்டு போவார்கள். கூரைமேல் நின்று சண்டை போடுவார்கள். பக்கத்து வண்டியை இடித்தால் இடித்ததுதான். விளையாட ஜாலியாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அது எப்போதும் குதிரை பூட்டிய காராகத்தான் தெரிந்திருக்கிறது. எங்கள் டீமிலோ, "சிண்டிகேட்ல எப்படி வெச்சிருக்கான்னு பாரு" என்பது தினமும் கேட்கும் வசனம்.

நானும் அதே தப்பைத்தான் செய்தேன். கார் மாதிரி அடிப்பாகத்தைத் தரைக்கு இணையாக நிறுத்தி, இரண்டு சக்கரத்தை மாட்டி, குதிரையின் இரு பக்கமும் நீளும் மரத்தண்டுகளை அசையாமல் வைத்து அனுப்பிவிட்டேன். மூன்றாம் நாள் டெஸ்டிங்கிலிருந்து டிக்கெட் வந்தது: 'ஓடும்போது தண்டு குதிரையின் விலாவுக்குள் போய்ப்போய் வருகிறது.' குதிரை பெருநடையில் போகும்போது அதன் உடம்பு மேலும் கீழும் ஏறி இறங்கும். வண்டி அசையாமல் இருந்தால் தண்டு வேறெங்கே போகும்?

விஷயம் பிடிபட்டது லண்டன் படங்களைப் பார்த்து அல்ல. சின்ன வயதில் பழனிக்குப் போகும்போது பஸ் ஸ்டாண்டிலிருந்து அடிவாரத்துக்கு ஜட்கா வண்டியில் போவோம். எல்லோரும் ஏறியதும் வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, "பெரியவரே, கொஞ்சம் முன்னாடி தள்ளி உக்காருங்க" என்பார். அப்பாவுக்கு அது பிடிக்காது. காசும் கொடுத்து, உட்காரவும் உத்தரவா என்று முணுமுணுப்பார். இரண்டு சக்கர வண்டி ஒரு தராசு. எடை முழுக்க ஒரே அச்சின்மேல் நிற்கிறது. முன்பக்கம் கனத்தால் குதிரையின் முதுகு சுமக்கும். பின்பக்கம் கனத்தால் தண்டு மேலே எழும்பி, வயிற்று வார் குதிரையையே தூக்கப் பார்க்கும். அந்த வண்டிக்காரர் எங்களை வைத்து எடை சரிபார்த்திருக்கிறார்.

லண்டன்காரர்கள் இந்தக் கணக்கை வண்டியின் அமைப்பிலேயே தீர்த்துவிட்டார்கள். ஜோசப் ஹேன்சம் ஒரு கட்டடக் கலைஞர், பர்மிங்ஹாம் டவுன் ஹாலை வடிவமைத்தவர். அவர் தன் வண்டிக்குக் காப்புரிமை வாங்கியது 1834இல். இரண்டு வருடம் கழித்து ஜான் சாப்மன் என்பவர் அதை ஏறக்குறைய வேறு வண்டியாகவே மாற்றினார். ஓட்டுபவரின் இருக்கை வண்டிக்குப் பின்னால், உயரத்துக்குப் போனது. முன்னால் இரண்டு பயணிகள், பின்னால் ஓட்டுபவர், நடுவில் அச்சு. கடிவாள வார்கள் கூரைக்கு மேலாகக் குதிரைவரை போகும். நாம் படங்களில் பார்க்கும் ஹேன்சம் பெரும்பாலும் சாப்மனுடையதுதான். பெயர் மட்டும் ஹேன்சமுடையது. காப்புரிமைக்கு அவருக்குப் பேசிய 10,000 பவுண்டும் கைக்கு வந்து சேரவில்லையாம். ஃப்ரீலான்ஸ் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல.

சரி, அச்சை மையமாக வைத்து, வண்டி முழுவதும் குதிரையின் நடைக்கேற்ப லேசாக முன்னும் பின்னும் ஆடும்படி மாற்றினேன். குதிரைக்கு விலா வலி தீர்ந்தது. கேமராவுக்குத் தலைவலி தொடங்கியது.

இந்த மாதிரி கேம்களில் கேமரா நம் பாத்திரத்தின் முதுகுக்குப் பின்னால், கொஞ்சம் உயரத்தில் நிற்கும். ஹேன்சமில் ஓட்டுபவர் உட்காருவதும் வண்டிக்குப் பின்னால், கொஞ்சம் உயரத்தில். ஆக, சாப்மன் எடைக்காகத் தேர்ந்தெடுத்த இடமும் கேம்காரர்கள் பார்வைக்காகத் தேர்ந்தெடுத்த இடமும் கிட்டத்தட்ட ஒன்று. எனக்கு இது பெரிய கண்டுபிடிப்பாகத் தோன்றி, டீம் லீடிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் திரையைக் காட்டினார். முதலில் பாத்திரத்தின் முதுகு, அப்புறம் வண்டியின் கூரை, அதற்கும் அப்பால் இரண்டு காதுகள். தெருவே தெரியவில்லை. "கூரையை ஒரு அடி குறைச்சிரு" என்றார். உள்ளே உட்காரும் பயணிக்குத் தலை இடிக்கும் என்றேன். "உள்ள யாரு உக்காரப் போறா?" நியாயமான கேள்விதான். கடைசியில் கூரையில் அரை அடி குறைத்து, கேமராவை மேலே ஏற்றினோம். நிஜ ஹேன்சமைப் பார்த்தவர் யாராவது விளையாடினால் என்னைத் திட்டலாம்.

அதற்கடுத்த டிக்கெட்தான் எனக்குப் பிடித்தது. 'வேகமாகப் போனால் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுகிறது.' டெஸ்டர் பையன் நேரிலேயே வந்துவிட்டான். "ப்ரோ, சக்கரத்தை உல்டாவா மாட்டிட்டீங்க." மாட்டவில்லை. கணக்குப் போட்டுக் காட்டினேன். எங்கள் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 4.3 மீட்டர், ஆரக்கால்கள் 14. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஏறக்குறைய 27 ஆரக்கால்கள் ஒரு புள்ளியைக் கடக்கின்றன. திரையிலோ நொடிக்கு 30 படங்கள். அடுத்த படம் வருவதற்குள் ஒவ்வொரு ஆரக்காலும் அடுத்ததன் இடத்துக்குக் கொஞ்சம் முன்னதாகவே நின்றுவிடுகிறது. கண் அதைப் பின்னோக்கிய நகர்வாக எடுத்துக்கொள்கிறது. சினிமாவில் ரதம் ஓடும்போது பார்க்கும் அதே வித்தைதான். நிஜக் குதிரை பெருநடையில் மணிக்கு 12, 13 கிலோமீட்டர்தான் போகும். அந்த வேகத்தில் இந்தச் சிக்கலே இல்லை. வேகத்தைக் குறைக்கச் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. அதனால் ஒரு வேகத்துக்கு மேல் ஆரக்கால்களை மறைத்து, மங்கலான வட்டப் படம் ஒன்றைச் செருகினோம்.

நடுவில் தெருக்களைச் செய்பவரோடு ஒரு சின்னச் சண்டையும் நடந்தது. வண்டிக்காரர்கள் டீ குடிக்க ஒதுங்கும் பச்சை மரக் கொட்டகைகளை அவர் மூலைக்கு மூலை வைத்திருந்தார். அழகாகத்தான் இருந்தன. பொதுச் சாலையில் நிற்பதால் ஒரு குதிரை வண்டியின் அளவைத் தாண்டக் கூடாது என்ற விதியைக்கூடப் பார்த்துச் செய்திருந்தார். ஆனால் அந்தக் கொட்டகைகள் வரத் தொடங்கியதே 1875இல். எங்கள் கதை அதற்கு முந்தியது. எடுத்துவிட்டார், இரண்டு நாள் என்னோடு சாப்பிட வரவில்லை.

எனக்கு மிச்சமிருந்தது கூரைக் கதவு. ஹேன்சமின் கூரையில், ஓட்டுபவரின் கை எட்டும் இடத்தில் ஒரு சின்னக் கதவு உண்டு. உள்ளிருக்கும் பயணி அதன் வழியாகத்தான் போகுமிடம் சொல்லுவார், காசு கொடுப்பார். முன்னாலிருக்கும் மடக்குக் கதவுகளைத் திறந்துவிடும் நெம்புகோலோ ஓட்டுபவரின் கையில். காசு வராவிட்டால் பயணி இறங்க முடியாது. மீட்டரைப் பற்றிச் சண்டை போடும் நம் ஆட்டோ அண்ணன்களுக்கு இது தெரிந்தால் என்ன ஆகுமோ.

அந்தக் கதவுக்குக் கீல் வைத்தேன், பித்தளைக் கைப்பிடி வைத்தேன், திறந்தால் உட்பக்கத்தில் தெரியும் துணிவரை செய்தேன். பயணி தடியால் தட்டுவதும் கதவு திறப்பதுமாக நாலு நொடி அனிமேஷன் ஒன்றைக் கேட்டிருந்தேன். அனிமேட்டருக்கு மீதமிருந்தது அரை நாள். அதைக் குதிரையின் வாலுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

கதவு இப்போதும் ஃபைலில் இருக்கிறது. கீலும் சரியான இடத்தில்தான் இருக்கிறது. கேமில் ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்குத் தாவுகிறவர்கள் அதன்மேல் கால் வைத்துத்தான் எம்புகிறார்கள்.