சரி தம்பி

இரண்டு வருடமாகியும் அந்த அண்ணை சொன்ன "சரி தம்பி" என் காதில் கிடக்கிறது. கோபத்தோடு சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

கிளிநொச்சியில் ஓர் அலுவலகத்துக்கு உதவித்தொகை விண்ணப்பத் தளம் செய்துகொண்டிருந்தேன். வெளியிட முதல்நாள், பரீட்சித்துப் பார்க்க அவரை வரச் சொன்னதும் நான்தான். 2009இல் ஷெல் பட்டுப் பார்வை இழந்தவர். புதுக்குடியிருப்பிலிருந்து பஸ் ஏறி, மடிக்கணினியையும் கொண்டு வந்திருந்தார்.

திரையில் இருப்பதைக் குரலாக வாசிக்கும் என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் மென்பொருள் தலைப்பை ஒழுங்காக வாசித்தது. படிவத்துக்கு வந்ததும் குழறியது. அவர் அம்புக்குறி விசையால் எழுத்தெழுத்தாக நகர்ந்தார். "என், ஜி, ஏ, யூ, செமிகோலன்."

"என்ன தம்பி இது?"

அது 'பெயர்'. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அலுவலகம் தந்த கோப்பை அப்படியே ஒட்டி, அந்த எழுத்துருவையும் ஏற்றியிருந்தேன். கண்ணுக்குத் தமிழ், உள்ளே கிடந்தது வெறும் ஆங்கில எழுத்து.

"வீட்டில ஆரையும் வாசிச்சுச் சொல்லச் சொல்லுங்கோ அண்ணை."

"சரி தம்பி." விரலால் விளிம்பைத் தடவிக் கணினியை மூடினார்.

அடுத்த நாள் திறப்பு, நேரமில்லை என்பது உண்மைதான். ஆனால் கணினிக்கும் தமிழாகவே தெரியும் யுனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே இருக்கின்றன. ஒரு மணித்தியால வேலை. பார்வையில்லாத எத்தனை பேர் வரப்போகிறார்கள் என்றும் அன்று நினைத்தேன். போர் நடந்த வன்னியில் இருந்துகொண்டு அப்படி நினைத்ததுதான் இன்னும் சுடுகிறது. இணையத்தளங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி செய்வதற்கான அணுகல் வழிகாட்டிகள் 1999இலேயே வந்துவிட்டன. மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்கு இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. இவை தெரியாமல் நான் அப்படிச் சொல்லவில்லை.

அந்தப் படிவம் காயத்தின் தன்மை, மாத வருமானம், வங்கிக் கணக்கு இலக்கம் எல்லாம் கேட்கும். இன்னொருவரை வைத்து நிரப்புவதென்றால் அவ்வளவையும் அவருக்கு வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தானே நிரப்பலாம் என்று நம்பித்தானே பஸ் ஏறி வந்தார்?

மூன்று நாள் கழித்து எல்லாவற்றையும் யுனிகோடுக்கு மாற்றி, ஒவ்வொரு பெட்டியையும் அதன் பெயரோடு இணைத்துவிட்டு அவருக்குப் போன் எடுத்தேன். பெறாமகனைக் கொண்டு படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டாராம். "பரவாயில்லைத் தம்பி, பிறகு வாறாக்களுக்கு உதவும்" என்றார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு சில நாள் ஆறுதலாக இருந்தேன். இருந்திருக்கலாமா தெரியவில்லை.

அறிவித்தல்கள் இப்போதும் போனில் பிடித்த படமாகத்தான் வருகின்றன. படத்தைத் திரைவாசிப்பான் வாசிக்காது, அதிலுள்ளதைக் கீழே எழுத்தாகவும் போட வேண்டும். போன மாதம் வந்ததற்குக் கடைசித் திகதியை மட்டும் எழுத்தாக அடித்துப் போட்டேன். முழுவதையும் அடிக்க நேரம் இருந்தது.