விழுந்த வண்டி எங்கேயும் ஓடிப்போகாது

சிங்கப்பூரில் இருந்துகொண்டு பெரிய மோட்டார் சைக்கிளை மண்ணில் ஓட்ட ஆசைப்பட்டால் பாலத்தைத் தாண்டி மலேசியாவுக்குத்தான் போக வேண்டும். நம் தீவில் அதற்கு இடம் இல்லை என்றே சொல்லலாம். அதனால் வார இறுதியில், விடிவதற்கு முன்பே உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி வரிசையில் அலுமினியப் பெட்டி மாட்டிய உயரமான வண்டிகள் நிற்கும். பெரும்பாலும் ஜொகூரில் கூலாய், கோத்தா திங்கி பக்கத்துச் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டப் பாதைகளுக்குத்தான் போவார்கள். நான் பட்டறையில் வேலை பார்ப்பவன். எங்கள் வாடிக்கையாளர்கள் குழுவாகக் கிளம்பினால், கருவிப் பையோடு கடைசி வண்டியில் நானும் போவேன். முன்னால் யார் விழுந்தாலும் நின்று பார்க்கும் பொறுப்பு என்னுடையது.

இந்த வண்டிகள் லேசானவை அல்ல. பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ் பெட்ரோலோடு 249 கிலோ. ஹோண்டா ஆப்பிரிக்கா ட்வின் 226 கிலோ. யமஹா டெனெரே 700கூட 200 கிலோவைத் தாண்டும். அதற்கு மேல் பெட்டி, தண்ணீர், மழைச் சட்டை எல்லாம் சேரும். தார் ரோட்டில் இந்த எடை தெரியவே தெரியாது. மழை பெய்து ஊறிய செம்மண்ணில், டயரின் பட்டைகளுக்குள் சேறு அப்பிக்கொண்ட பிறகு, ஒவ்வொரு கிலோவும் தெரியும்.

ஆனால் நான் அதிகம் பயப்படுவது விழுந்தவரின் அவசரத்துக்குத்தான். அந்த அவசரம் எனக்குப் புரிகிறது. வண்டி வாங்க எடுக்க வேண்டிய உரிமைச் சான்றிதழான சிஓஇ, மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் 2022-இல் 12,000 சிங்கப்பூர் வெள்ளியைத் தாண்டியது. வண்டியின் மதிப்பு கூடக்கூட வரியும் ஏறுகிறது. 10,000 வெள்ளிக்கு மேல் போகும் பகுதிக்கு 100 விழுக்காடு. பல வருடம் சேர்த்து, பெரிய வண்டிகளுக்கான கிளாஸ் 2 உரிமம் எடுத்து வாங்கிய வண்டி சேற்றில் கிடந்தால் யாருக்கும் மனசு கேட்காது. உடனே எழுந்து ஓடிப்போய் இழுப்பார்கள். முதுகு பிடித்துக்கொள்வது அப்போதுதான்.

ஒரு தடவை, மழை விட்ட மறுநாள், தோட்ட அலுவலகத்தில் அனுமதி வாங்கிய பாதையில் இறங்கிக்கொண்டிருந்தோம். எனக்கு முன்னால் போன அண்ணன் சரிவில் லாரிச் சக்கரம் பறித்த பள்ளத்துக்குள் இறங்கிவிட்டார். வெளியே வர ஹேண்டிலைத் திருப்பியதும் முன்சக்கரம் வழுக்கியது. வண்டி இடது பக்கம் சாய, அவர் பாதம் பெட்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. நான் போய் முதலில் இஞ்சினை அணைத்தேன். "தம்பி, வண்டிய நிமித்துங்க, பெட்ரோல் ஒழுகுது" என்றார். "அண்ணே, வண்டி இருக்கட்டும். நீங்க அசையாம இருங்க" என்று சொல்லிவிட்டு, முன்னால் போயிருந்த நண்பரைக் கூப்பிட்டேன். இருவரும் பெட்டிப் பக்கத்தை ஒரு சாண் உயரம் மட்டும் தூக்கிப் பிடித்தோம். அவர் காலை உருவிக்கொண்டார். முழுவதும் நிமிர்த்தப் போய் நடுவில் கை வழுக்கியிருந்தால், அதே கால்மேல் மறுபடி விழுந்திருக்கும்.

அவரைச் செம்பனை நிழலில் உட்கார வைத்தேன். இன்று என்ன கிழமை, காலையில் எங்கே சாப்பிட்டோம், தலை அடிபட்டதா, கழுத்து வலிக்கிறதா என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். பதில் தெளிவாக வந்தது. கால்விரலை அசைக்க முடிந்தது, ஆனால் கணுக்கால் வலித்தது. அவர் பூட்ஸைக் கழற்றப் போனார், நான் விடவில்லை. வீங்கிய பிறகு திரும்ப மாட்ட முடியாது, அதுவரை அந்த பூட்ஸ்தான் காலுக்குக் கட்டு. இன்னொன்றையும் எல்லோருக்கும் சொல்லி வைப்பேன்: நமக்கு ஆம்புலன்ஸ் என்றால் கை தானாக 995 அழுத்தும். மலேசியாவில் 999.

அப்புறம்தான் வண்டி. சக்கரங்கள் மேட்டுப் பக்கமும் ஹேண்டில் பள்ளத்துப் பக்கமுமாகக் கிடந்தது. அந்த நிலையில் தூக்கவே கூடாது, சரிவே நமக்கு எதிராக நிற்கும். விழும்போது இஞ்சினைக் காக்கும் கம்பியான கிராஷ் பார் மண்ணில் ஊன்றியிருந்தது. அதையே அச்சாக வைத்து, பெட்டிகளைக் கழற்றிவிட்டு, பின்பக்கத்தைப் பிடித்து இழுத்துச் சக்கரங்கள் கீழ்ப்பக்கம் வரும்படி சுற்றினோம். கியரில் போட்டோம், உருளாமல் இருக்க. ஹேண்டிலை ஒரு பக்கம் முழுவதும் திருப்பி, வண்டிக்கு முதுகு காட்டிக் குந்தி, இடுப்பை சீட்டில் முட்டுக்கொடுத்து, ஒரு கை ஹேண்டில் பிடியில், இன்னொரு கை பின்பக்கக் கம்பியில். முதுகை வளைக்காமல் காலால் தள்ளிக்கொண்டு, சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடக்க வேண்டும். முதல் ஒரு முழம்தான் கனம். அதற்கு மேல் வண்டி தானே எழும்பி வரும். அங்கேதான் கவனம் வேண்டும், வேகத்தில் மறுபக்கம் சாய்ந்துவிடும். வலப்பக்கம் விழுந்த வண்டியென்றால் தூக்கும் முன்பே ஸ்டாண்டைப் போட்டுவிடலாம். இது இடப்பக்கம் விழுந்ததால் நண்பர் எதிர்ப்பக்கம் நின்று தாங்கிக்கொண்டார்.

நிமிர்ந்ததும் ஸ்டார்ட் செய்யச் சொன்னார் அண்ணன். சாய்ந்து கிடந்த வண்டியில் எண்ணெய் போகக் கூடாத இடத்துக்கெல்லாம் போயிருக்கும். கொஞ்ச நேரம் நிற்க விட்டோம். அதற்குள் வளைந்த கிளட்ச் லீவரைப் பார்த்தேன். முழுக்க நிமிர்த்தினால் உடையும், விரல் எட்டினால் போதும் என்று விட்டுவிட்டேன். ஹேண்டில் ஒரு பக்கமும் சக்கரம் ஒரு பக்கமும் பார்த்தன. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி நேராக்கி, மறுபடி இறுக்கினேன். பிரேக்கை அழுத்திப் பார்த்தேன், எண்ணெய்க் கசிவு இல்லை. சாவியை ஒருமுறை அணைத்து மறுபடி போட்டு ஸ்டார்ட் செய்ததும் வண்டி உயிர் பெற்றது. வெள்ளைப் புகை கொஞ்சம் வந்து அடங்கியது. நண்பர் அதைத் தார் ரோடு வரை ஓட்டி வந்தார். அண்ணன் தோட்டத்து லாரியில் வந்தார்.

நம் ஊர் வெயிலில் இன்னொரு ஆபத்தும் உண்டு. முழு ஜாக்கெட், ஹெல்மெட்டோடு ஒரே வண்டியை மூன்று முறை தூக்கினால் ஆள் தளர்ந்துவிடுவார். தளர்ந்தவர் மறுபடி விழுவார். அதனால் ஒருவர் இரண்டாவது முறை விழுந்தால் குழுவையே நிறுத்தி, தண்ணீர் குடிக்க வைத்து, அவர் ஹெல்மெட்டைக் கழற்றி உட்கார்ந்த பிறகுதான் அடுத்த பேச்சு. முன்னால் போனவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

பலசாலிகள்தான் தூக்குவார்கள் என்று நினைப்பது தவறு. எங்கள் பட்டறைக்கு வரும் ஒரு அக்கா, என் தோள் உயரம் இருப்பார், தன் ஜிஎஸ்ஸைத் தனியாக நிமிர்த்துவார். அந்த வண்டிக்கு இரு பக்கமும் சிலிண்டர் துருத்திக்கொண்டிருப்பதால் முழுவதும் படுக்காது; அவர் அதைச் சரியாகப் பயன்படுத்திக்கொள்வார். குனிந்து ஹேண்டிலை இழுக்கிற வாட்டசாட்டமான ஆட்களைவிட அவருக்குக் குறைவாகவே மூச்சு வாங்கும்.

இப்போதெல்லாம் புதிதாக எங்களோடு வருபவர்கள் கிளம்புவதற்கு முந்தின வாரம் பட்டறைக்கு வர வேண்டும். பழைய மெத்தை ஒன்றை விரித்து அவரவர் வண்டியை மெதுவாகப் படுக்க வைத்து, அவர்களையே தூக்கச் சொல்கிறேன். கீறல் விழுமே என்று தயங்குவார்கள். தூக்கிக் காட்டாதவரைப் பாலம் தாண்டி நான் அழைத்துப்போவதில்லை. முதலாளியும் இதற்குச் சரி என்று சொல்லிவிட்டார்.