கோடரிக் கையெழுத்து: கீழ்வீட்டு மதாமின் 12 தலைமுறை

நான்கு மாதமாக வார இறுதிகளில் ஒரு வம்சாவளியைத் தேடிவந்த வேலை ஒரு கட்டத்துக்கு வந்துவிட்டது, மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். மாண்ட்ரியாலில் எங்கள் கீழ்வீட்டு மதாமுக்கு எண்பது வயது. பிறந்த வீட்டுப் பெயர் க்ளூத்தியே. "எங்கள் வம்சத்து முதல் ஆள் ஒரு தச்சர், பிரான்சிலிருந்து கப்பலேறி வந்தவர் என்று அப்பா சொல்வார்" என்றார். கையில் இருந்தது அவ்வளவுதான்.

மாண்ட்ரியால் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் இந்த வேலை நடப்பதற்கு முக்கியக் காரணம் கல்யாணப் பதிவு. 1993 வரை தேவாலயப் பதிவேடே அரசுப் பதிவேடு, எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதி, ஒன்று தொலைந்தாலும் இன்னொன்று இருக்கும். கல்யாணப் பதிவில் மாப்பிள்ளை, பெண் இரு பக்கத்துப் பெற்றோர் பெயரும் வரும், அம்மாக்கள் பிறந்த வீட்டுப் பெயரோடு வருவார்கள். அதைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெற்றோரின் கல்யாணத்தைத் தேடலாம், அப்புறம் அவர்களுடைய பெற்றோரின் கல்யாணம், இப்படியே படிப்படியாக மேலே ஏறிப் போகலாம். பிறப்பு, இறப்புப் பதிவுகளில் ஆரம்பித்து முதல் மூன்று வாரம் வீணாக்கினேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் கல்யாணத்தில் தொடங்குங்கள்.

ஆறாவது படியில் சிக்கிக்கொண்டேன். ஒரு பதிவில் மணப்பெண்ணின் தந்தை பெயருக்கு முன் 'ஃபெ' என்று இருந்தது, நம் 'காலஞ்சென்ற' போல. கல்யாணம் ஜூலை என்று குறித்திருந்தேன், ஆனால் அந்தத் தந்தையை அடக்கம் செய்தது அதே ஆண்டு ஆகஸ்டில். உயிரோடு இருப்பவரை எப்படிக் காலஞ்சென்றவர் என்று எழுதுவார்கள்? இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு மறுபடி பெரிதாக்கிப் பார்த்தால், மாதம் இருக்கும் இடத்தில் 7 என்ற எண், அதன் வாலில் பொடியாக மூன்று எழுத்து. ஏழாம் மாதம் இல்லை, 'செத்' என்றால் பிரெஞ்சில் ஏழு, ஆக 'செப்டாம்ப்ர'வுக்கு அது சுருக்கெழுத்து. 8 போட்டால் அக்டோபர், 9 போட்டால் நவம்பர், ரோமன் பத்து போட்டால் டிசம்பர். இது தெரிந்ததும் முன்பு எழுதிய தேதிகளை எல்லாம் மறுபடி சரிபார்த்தேன், இன்னும் இரண்டு தப்பு அகப்பட்டது.

மேலே போகப் போக வேறு தலைவலி. தந்தை ஸக்காரி, மூத்த மகனும் ஸக்காரி. இணையத்தில் கிடைத்த ஒரு வம்ச மரத்தில் இருவரையும் ஒரே ஆளாக்கி, மகனின் மனைவியைத் தந்தைக்குக் கட்டி வைத்திருந்தார்கள். அடுத்தவர் மரத்தை நகலெடுப்பதை அன்றோடு விட்டுவிட்டேன்.

சரி, அந்தத் தச்சர். ஸக்காரி க்ளூத்தியே, பிரான்சின் பெர்ஷ் பகுதியில் மோர்தாங் ஊர்க்காரர். 1616-இல் அங்கே சேன்த் த்யூபோன் என்ற பெண்ணைக் கட்டினார். 1634 மார்ச்சில், புதுக் குடியேற்றத்துக்கு ஆள் சேர்த்த ரொபேர் ஜிஃபார் என்பவரோடு நோட்டரி முன் ஒப்பந்தம் போட்டு, கொத்தனார் ழான் கியோனோடு சேர்ந்து கியூபெக் நகரத்துக்குப் பக்கத்து பொபோர் வந்தார். பின்னாளில் ஷத்தோ-ரிஷேயில் குடியேறி 1677-இல் அங்கேயே இறந்தார். க்ளூத்தியே என்றால் ஆணி அடிக்கிற கொல்லர் என்று பொருள், பிடித்ததோ தச்சுத் தொழில். 1800-க்குள் பிறந்த சந்ததியே 10,000-க்கு மேல் என்று மாண்ட்ரியால் பல்கலைக்கழக மக்கள்தொகை ஆய்வுத் திட்டம் கணக்கிட்டிருக்கிறது, கியூபெக்கின் ஆரம்பக் குடியேறிகளில் அவருக்குத்தான் அதிகம்.

மதாமின் வழி இவருடைய மகன் ழான் மூலம் வருகிறது. ழான் 1648-இல் கட்டிய மரி, ஆப்ரகாம் மார்த்தேனின் மகள். 1759-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய ஆப்ரகாம் சமவெளிக்குப் பெயர் கொடுத்த அதே ஆப்ரகாம். இதைச் சொன்னதும் மதாம் பேச்சே இல்லாமல் உட்கார்ந்துவிட்டார்.

ஏழாவது படியில் 'நான்காம் தலைமுறை உறவுக்கு விலக்கு' என்ற வரி வந்தது. நம் வீடுகளில் மாமன் மகள், அத்தை மகன் முறை தேடிக் கட்டுவார்கள், அங்கே தூரத்து உறவுக்கே ஆயரிடம் அனுமதி வாங்க வேண்டும். எனக்கு அந்த வரி பொக்கிஷம். இரு பக்கமும் ஒரே முன்னோரில் போய்ச் சேர்கிறது என்று பாதிரியாரே எழுதிக் கொடுத்த மாதிரி. தேடினால் ஆமாம், மணப்பெண் பக்கம் ஸக்காரியின் மகள் ஆனிடம் போகிறது. ஆனுக்கும் ரொபேர் துருவேனுக்கும் 1636-இல் எழுதிய கல்யாண ஒப்பந்தம்தான் கனடாவில் இன்றும் மிஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது. அப்போது அவளுக்குப் பத்து வயது. கல்யாணம் மறு ஆண்டு.

எழுதத் தெரியாத ஸக்காரி பத்திரங்களில் கோடரி வரைந்துதான் கையெழுத்திட்டார். கைப்பிடி, அலகு, சில கோடுகள், அவ்வளவுதான். திரையில் அதைப் பார்த்தபோது தொண்டை அடைத்தது, ஏனென்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நானூறு வருடத்துக்கு முந்தைய ஆளின் கை அசைவு அது.

இப்போதைக்கு ழான் வழியில் கியூபெக்கில் நடந்த பத்துக் கல்யாணமும் மூலப் படத்தோடு கையில் இருக்கிறது. பதினொன்றாவது, மோர்தாங்கில் 1616-இல் நடந்தது, ஓர்ன் மாவட்ட ஆவணக்காப்பகத்தின் இணையப் படங்களில் தேட வேண்டும். ஆன் வழியில் நடுவே ஒரு கல்யாணம் இன்னும் கிடைக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை அதிலிருந்து தொடங்குகிறேன்.